நெஞ்சுவலியோடு வேலையும் பார்க்கலாம்: பாம்பனிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு, அதனால் வருகிற இந்த நெஞ்சுவலி ஆஞ்சைனா என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம்ம கடற்கரை வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளைகள் பயந்துபோய் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து ஒரு செம்பு தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. இல்லாவிட்டால், "வாய்வுதான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டு அம்மாவே மறுநாள் விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடுகிறாள். இரண்டுமே உடம்பைக் கெடுக்கும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. நம் வலி எந்த வேலைக்கு வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அது வருமுன்னே வேலையை நிறுத்தப் பழகுவது. அந்த வழக்கம் மாறினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது.

நான் பாம்பனில் கருவாடு வாங்கி, காயப்போட்டு, விற்கிறவள். அறுபதை நெருங்குகிறேன். மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் ஒரு கிளைக்குழாய் குறுகியிருந்தது. குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் வேண்டாம், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கலாம், பைபாஸ் செய்திருக்கலாம். அதற்குப் பிறகும் சிலருக்கு இந்த வலி வரும். நான் சொல்கிற பழக்கங்கள் எல்லாருக்கும் பொருந்தும். மாத்திரையும் அதன் அளவும் மட்டும் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

உள்ளே நடப்பது இதுதான். குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிடுகிறது. சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் இதயத் தசைக்குப் போதும். கூடையைத் தூக்கினாலோ, வேகமாக நடந்தாலோ, கத்திச் சண்டை போட்டாலோ இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், குறுகின குழாயால் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறைதான் வலியாகத் தெரிகிறது. வேலையை நிறுத்தினால் சில நிமிடத்தில் அடங்கும். மாரடைப்பில் குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு தசை சாகத் தொடங்குகிறது. ஓய்வெடுத்தாலும் அது அடங்காது.

பெண்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நெஞ்சில் கை வைத்துச் சாய்வதுபோல்தான் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். எனக்கு முதலில் தாடை கனக்கும், அப்புறம் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இறுக்கும், நெஞ்சு கடைசியில்தான். சிலருக்கு இடது கை கடுக்கும். சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்கும், வியர்க்கும், குமட்டும், காரணமில்லாமல் அசந்துபோகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே போகலாம். வேலை செய்தால் வந்து, நின்றால் போகிறது என்றால் அது எந்த இடத்தில் வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி சரியாக இருந்தாலும் குழாய் குறுகியிருக்கலாம். "ஈசிஜி நார்மல், கேஸ்தான்" என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பினால், "வேலை செய்யும்போது மட்டும் வருது" என்ற வார்த்தையை அழுத்திச் சொல்லுங்கள். நடக்கவைத்துப் பார்க்கிற டிரெட்மில் சோதனை அதற்காகத்தான் இருக்கிறது.

நோட்டில் எழுதுங்கள்

கடன் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களை நான் இதற்கு ஒதுக்கியிருக்கிறேன். தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, காற்று எப்படி, எத்தனை நிமிடத்தில் அடங்கியது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தேனா. நீளமாக எழுதவேண்டாம். "காலை 6, முதல் கூடை, வெறும் வயிறு, 3 நிமிடம், மாத்திரை இல்லை." இவ்வளவு போதும்.

சில வாரம் எழுதினால் நமக்கே விஷயம் பிடிபடும். எனக்குப் பிடிபட்டது, கூடையின் பாரத்தைவிட அவசரம்தான் வலியைக் கொண்டுவருகிறது என்பது. அதுவும் காலையில் எடுக்கிற முதல் நடையில்தான். மெதுவாகத் தொடங்கி உடம்பு பழகிவிட்டால் அதே பாரத்தை அதே தூரம் வலியில்லாமல் கொண்டுபோக முடிகிறது. டாக்டரிடம் சொன்னபோது பலருக்கும் இப்படித்தான் என்றார். அதனால் விடியக்காலை ஏலத்துக்குப் போகிறவர்கள் அரைமணி முந்தி எழுந்திருங்கள். முகம் கழுவி, மாத்திரை போட்டு, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடந்து, அப்புறம் கிளம்புங்கள். இதயத்துக்கு விடிகாலைதான் கடினமான நேரம், மாரடைப்பும் காலையில்தான் அதிகம் வருகிறது. அந்த நேரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போகக் கூடாது.

கை வேலை, தலைப்பாரம், காற்று

கால்களால் செய்கிற வேலையைவிடக் கைகளால் செய்கிற வேலை இதயத்தை அதிகம் வருத்தும். தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்வது இன்னும் மோசம். மீனைக் கொடியில் தொங்கவிடுகிறவர்கள் கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதீர்கள். தூக்கும்போது வாய்வழியாக மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்குதான். காய்கறி, பழம், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீர் தள்ளுவண்டியில் எல்லாக் குடத்தையும் நிரப்பி ஒரே நடையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைப்போம். பாதிக் குடம் போதும், இரண்டு நடை போகலாம். மணலில் வண்டி இறங்கிவிட்டால் நீங்கள் தள்ளாதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். கூப்பிட வெட்கப்படுகிற பெண்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "எனக்கு நெஞ்சுவலி இருக்கு, ஒரு கை பிடிங்க" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

காயப்போட்ட மீனைப் புரட்டுவதை நான் காலை வெயில் ஏறுமுன்னும் நாலு மணிக்குப் பிறகும் வைத்துக்கொண்டேன். உச்சிவெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறையும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு அப்போது அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். குனிந்து நிமிரும்போது கண் இருட்டும். குந்தி உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும்போது ஒரு நிமிடம் நின்று, அப்புறம் நடங்கள்.

நடை அவசியம் வேண்டும். நடக்க நடக்கத்தான் வலியில்லாமல் போகிற தூரம் கூடும். சமதரையில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில், பத்து நிமிடத்தில் தொடங்கி, டாக்டரைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் வரை கூட்டுங்கள், வாரத்தில் ஐந்து நாளாவது. ஆனால் நம்ம ஊரில் காற்றைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். ஆடியில் கச்சான் மணலை வாரி அடிக்கும், மார்கழியில் வாடை முகத்தைக் குளிரவைக்கும். எதிர்காற்றில் நடப்பது மேடு ஏறுவதுபோல இதயத்துக்குச் சுமை, குளிர்காற்று குழாயை இன்னும் சுருக்கும். காற்று முதுகில் தள்ளத் தள்ளச் சுகமாக வெகுதூரம் போய்விட்டு, திரும்பும்போது முகத்தில் வாங்கிக்கொண்டு வருவதுதான் பலரும் செய்வது. வீடு தூரத்தில் இருக்கும்போது கடினமான பாதி வந்து சேரும். அந்த மாதங்களில் கடலோரத்தை விட்டுவிட்டுச் சுவர் மறைப்புள்ள தெருக்களிலேயே சுற்றுங்கள். சாலைப்பாலத்தில் நடக்கப் போகிறவர்கள் உண்டு. நடுப்பாலம் மேடு, காற்றும் அங்கேதான் அதிகம், உட்காரவும் இடம் கிடையாது. நமக்கு அது வேண்டாம்.

நாக்கடி மாத்திரை

ஐசோசார்பைடு டைநைட்ரேட், கடையில் சார்பிட்ரேட் என்று கேட்பார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அது எப்போதும் கூடவே இருக்கவேண்டும். பீரோவில் இருந்தால் பயனில்லை. நான் சுருக்குப்பையில் வைத்திருக்கிறேன், இன்னொரு அட்டை சமையல்கட்டில், இன்னொன்று கருவாட்டுக் களத்தில். எங்கே இருக்கிறது என்று பக்கத்துக் களத்துப் பெண்களுக்கும் காட்டி வைத்திருக்கிறேன். உப்புக்காற்றும் ஈரமும் வெயிலும் மாத்திரையைக் கெடுக்கும். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு வைக்காதீர்கள், காலாவதி தேதியைப் பாருங்கள். இதே வேலை செய்கிற நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிக் குப்பியில் கொடுத்திருந்தால் அதே குப்பியில்தான் இருக்கவேண்டும்.

வலி வந்தால் வேலையை விட்டுவிட்டு முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கி விழுந்துவிடலாம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடுங்கள், விழுங்காதீர்கள். தலை விண்விண் என்று தெறிக்கும், முகம் சூடாகும். மருந்து ரத்தக்குழாய்களை விரிப்பதால் வருவது அது, பயப்படவேண்டாம். தலைவலிக்குப் பயந்து மாத்திரையைத் தவிர்க்கிற பெண்களை எனக்குத் தெரியும். அதைத் தவிர்க்காதீர்கள், தலைவலி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ன வேலை செய்தால் வலி வரும் என்று தெரிந்தால், அதற்குச் சற்று முன்னாலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்றும் அவரிடம் கேளுங்கள். பலருக்கு அனுமதிப்பார்கள்.

ஆண்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆண்மைக்கென்று விற்கிற சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த மாத்திரையை வைத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ்காரரிடமும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லவேண்டும். கணவன் மனைவி உறவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு மாடி ஏறி மூச்சும் வலியும் இல்லாமல் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள்.

வழக்கம் மாறினால்

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் நாம் வானத்தைப் பார்த்து வாதாடுவதில்லை, படகை இழுத்துக் கட்டிவிடுகிறோம். வலியின் வழக்கம் மாறுவதும் அப்படியொரு கூண்டுதான். முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வருகிறது, அடிக்கடி வருகிறது, அடங்க அதிக நேரம் எடுக்கிறது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற வலியும், தூக்கத்தில் எழுப்புகிற வலியும், உட்கார்ந்து மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் குறையாத வலியும் அவசரம். உடனே 108. இரண்டாவது மாத்திரை வைக்கலாமா, ஆஸ்பிரின் மெல்லலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் நமக்கு யோசனை ஓடாது.

சோடா, இஞ்சிச் சாறு, வெந்நீர் ஒத்தடம் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். நம்ம ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை அங்கிருந்து இன்னும் நூறுக்கு மேல். நேராக மதுரைக்குக் காரை விடச் சொல்லாதீர்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் அளவாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்று நல்லா இருக்கும்போதே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியாக இருந்தாலும் ஸ்டென்டாக இருந்தாலும் முதல் சில மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற ஆண்களுக்கு ஒன்று. டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் தனியாகக் கடலுக்குப் போகவேண்டாம். நங்கூரம் இழுப்பதையும் வலை வாங்குவதையும் கூட வருகிறவர் செய்யட்டும். மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு இடம் காட்டி வையுங்கள். கடலில் அவசரத்துக்குக் கடலோரக் காவல்படையின் எண் 1554.

உப்பும் சாப்பாடும்

கருவாடு விற்கிறவள் உப்பைக் குறைக்கச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு டீஸ்பூன். ஒரு துண்டு சீலாக் கருவாடும் கொஞ்சம் ஊறுகாயும் ஓர் அப்பளமும் சேர்ந்தால் அதில் பெரும்பகுதி ஒரே வேளையில் முடிந்துவிடும். உப்பு அழுத்தத்தை ஏற்றும், அழுத்தம் இதயத்தின் வேலையை ஏற்றும்.

என் வீட்டில் கருவாடு இப்போது எப்போதாவது வாசனைக்கு ஒரு சிறு துண்டு. வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்ப ஊறவைத்து, கத்தரிக்காயும் மொச்சையும் நிறையப் போட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைக்கிறேன். ஊறவைத்தால் உப்புக் குறையும், முழுக்கப் போகாது. உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்திலி கிடைத்தால் அதுவே நல்லது. வாங்கும்போது வாயில் ஒரு துணுக்குப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். புளி, நம்ம முண்டு மிளகாய், சீரகம், பூண்டு எல்லாம் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பச்சை மீனுக்கு நமக்கு என்ன குறை? சூடை, சாளை, கானாங்கெளுத்தி மாதிரி விலை குறைந்த மீன்களில்தான் இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதிகம். குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அந்த நன்மை குறைந்துவிடும். தேங்காயைக் குறைவாக அரையுங்கள். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று சர்க்கரை உள்ளவர்கள் இஷ்டத்துக்குப் போடவேண்டாம், அதுவும் இனிப்புதான்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேலைக்கு எழுந்திருக்காதீர்கள். செரிமானத்துக்கு ரத்தம் தேவைப்படுகிற நேரத்தில் பாரம் தூக்கினால் வலி சீக்கிரம் வரும். இந்த நோயை விவரமாக எழுதிய லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன் 1772இலேயே, நடக்கும்போது வருகிறது, அதுவும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட பிறகும் வருகிறது, நின்றதும் போய்விடுகிறது என்று குறித்திருக்கிறார். நர்சிங் படித்த என் மகள் பாடத்தில் காட்டினாள், என் நோட்டிலும் அதேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தைக் குறைவாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிற அக்காமாரே, அதை விட்டுவிடுங்கள். பீடியைப் போல அதுவும் நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். வீட்டுக்குள் பீடி பிடிக்கிறவரை வெளியே போகச் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் சும்மா கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் இரண்டும் இதயநோயாளிக்கு ஆகாது. பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

தினசரி மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை, வேளை தவறாமல் போடவேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: மெட்டோப்ரோலால் மாதிரி நாடியை நிதானப்படுத்துகிற மாத்திரையை "இப்ப வலியே வரலையே" என்று திடீரென நிறுத்தினால் வலி பெரிதாகத் திரும்பி வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறவர்கள் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள், பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள். விடியக்காலை வெறும் வயிற்றோடு, மாத்திரையும் போடாமல், 22 தீர்த்தத்தில் வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு அவசரமாக நடப்பது ஆஞ்சைனா உள்ளவர்களுக்கு நல்லதல்ல. தெளித்துக்கொண்டாலும் புண்ணியம் உண்டு என்றுதான் நான் சொல்வேன்.

கடலுக்குப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்பாத இரவுகளில் வருகிற வலிக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. என் மகன்களும் கடலில்தான் இருக்கிறார்கள். அந்த இரவில் தனியாகக் கரையில் நிற்பதை விட்டுவிட்டேன். கொழுந்தன் வீட்டில் எல்லாரும் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், மாத்திரை கையில் இருக்கும். நாலு பேர் இருந்தால் மூச்சு கொஞ்சம் சீராகிறது, ஏதாவது ஆனாலும் பார்க்க ஆள் இருக்கிறது.

ஐப்பசி பிறக்குமுன் இரண்டு வாரத்துக்கு மாத்திரையைக் கூடுதலாக வாங்கி வையுங்கள், புயல் நாளில் பஸ் ஓடாது, கடை திறக்காது. பெரிய செக்கப்பை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாளில் வைத்துக்கொள்வது நமக்கு வசதி, துணைக்கு வர வீட்டு ஆண்கள் கரையில் இருப்பார்கள். போகும்போது பழைய ஈசிஜி, ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட், போடுகிற மாத்திரை அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வலி எழுதின நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.